பல்லைப் பார்த்து வாங்கு, சுழியைப் பார்த்து அல்ல

"அண்ணா, ஒரு குதிரை வாங்கலாம்னு இருக்கேன்."

ஒரகடம் கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இரவு ஷிப்ட் முடித்தவர்களைக் கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். சொன்னவன் நம் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி. 26 வயது, ஐடிஐ முடித்தவன், ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. நான் சிரித்துவிட்டேன். அப்புறம், "உனக்கு எதுக்குடா குதிரை?" என்று கேட்டேன்.

கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. 'உனக்கு எதுக்கு' என்பது யாருடைய கேள்வி? செருப்பு உனக்கு எதுக்கு, சைக்கிள் உனக்கு எதுக்கு, மாடி வீடு உனக்கு எதுக்கு என்று நம் தாத்தா காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களின் கேள்வி அது. இருபது வருடம் இயக்கத்தில் இருக்கிற நான், அதையே என் வாயால் நம் பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். ஊர்த்தெருக்காரன் கேட்டிருந்தால் வழக்குப் போடலாமா என்று யோசித்திருப்பேன்.

அவனுக்குக் குதிரை ஆசை இன்ஸ்டாகிராம் பார்த்து வந்ததில்லை. 2020 ஊரடங்கில் வேலை போனபோது, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஷூட்டிங்குக்கும் கல்யாணத்துக்கும் குதிரை அனுப்பும் ஒரு லாயத்தில் சாணி அள்ளப் போனான். கம்பெனி திரும்ப அழைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை விடவில்லை. தேய்த்துக் குளிப்பாட்டுவது, குளம்பு சுத்தம் செய்வது, சேணம் கட்டுவது என்று ஆரம்பித்து, ஏறவும் கற்றுக்கொண்டான். இப்போது அவனும் இன்னும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து காசு போட்டு ஒரு இளங்குதிரை வாங்க வேண்டும். நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் ஆகிற, குழந்தைகளையும் ஏற்றலாம் என்கிற மாதிரிப் பொதுவான சவாரிக் குதிரை. பந்தயக் குதிரை வேண்டாம். கல்யாணத்தில் ஆடும் குதிரையும் வேண்டாம்.

அவனுடைய அம்மா என்னைத்தான் திட்டினார். "நீங்கதான் புத்தகம் குடுத்துக் கெடுத்தீங்க. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" அந்த அம்மாவின் பயத்தைப் பத்தாம்பசலி என்று தள்ள முடியாது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

குஜராத், பாவ்நகர் மாவட்டம், உம்ராலா வட்டம், டிம்பி கிராமம். 2018 மார்ச் 29. பிரதீப் ராத்தோட் என்ற 21 வயது தலித் இளைஞர் கொலை செய்யப்பட்டார். கொலைக்கு இரண்டு மாதம் முன்புதான் அவருடைய அப்பா அவருக்குக் குதிரை வாங்கிக் கொடுத்திருந்தார். குதிரையில் ஏறக்கூடாது, விற்றுவிடு என்று ஆதிக்கச் சாதியினர் மிரட்டிக்கொண்டிருந்தார்கள் என்றும், மகன் பயந்து விற்றுவிடலாம் என்று சொன்னபோது தான்தான் வேண்டாம் என்று தடுத்ததாகவும் அந்த அப்பா சொன்னார். நாம் கூட்டங்களில் டிம்பியைச் சொல்லும்போது கொலையை மட்டும் சொல்கிறோம். மகனுக்குக் குதிரை வாங்கிக் கொடுத்து, விற்காதே என்று சொன்ன ஒரு தகப்பனை நாம் சொல்வதில்லை. எனக்கு அந்த மனிதரைப் பற்றித்தான் அதிகம் யோசனை.

டிம்பி இருப்பது சௌராஷ்டிரத்தில். காட்டியவாரி என்ற இந்தியாவின் பெயர்பெற்ற நாட்டுக்குதிரை இனத்தின் பிறந்த மண் அது. காதின் நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப்போவது போல நிற்கும். நம் தம்பி வாங்க நினைப்பதும் அந்த இனம்தான். அந்தக் குதிரையை அந்த மண்ணிலேயே ஓட்ட முடியாத ஒருவர், அதே குதிரையை இங்கே தேடும் இன்னொருவர். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே தலைமுறை.

'அதெல்லாம் வடநாடு, பெரியார் மண்ணில் குதிரைப் பிரச்சினை கிடையாது' என்று சிலர் பின்னூட்டம் போடுவீர்கள். சரிதான், இங்கே மாப்பிள்ளை குதிரையில் வருகிற வழக்கமே பெரிதாக இல்லை. இங்கே குதிரைக்குப் பதில் புல்லட். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் இரண்டு கைகளையும் வெட்டினார்கள். புல்லட் ஓட்டிப் போனதுதான் ஆத்திரத்துக்குக் காரணம் என்று குடும்பம் சொன்னது. மூன்று பேர் கைதானார்கள். அந்த வண்டி எங்கே செய்யப்படுகிறது? ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இல் ஒரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் வந்தது. என் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். எங்கள் காலனிகளிலிருந்து பையன்கள் வேலைக்குப் போகும் பட்டை இது. ஒரு கை அந்த வண்டிக்கு நட்டு முடுக்குகிறது, இன்னொரு ஊரில் அதைப் பிடித்து ஓட்டிய கை வெட்டப்படுகிறது.

மதுரை வீரன் கதை ஞாபகம் வருகிறதா? அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் என்று கதை சொல்கிறது. சிலையில் குதிரைமேல் வாளோடு உட்கார்ந்திருக்கிறான். கதையில் அவனுக்கு விதிக்கப்பட்டது மாறுகால் மாறுகை. குதிரையில் ஏறியவனுக்கு இந்த நாடு எந்த உறுப்பை எடுக்கும் என்பது நம் சாமி கதையிலேயே எழுதியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாணவர்கள் வரிக்கு வரி படித்து வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்பு, புத்தாடை அணிவதையோ, கல்யாண ஊர்வலம் போவதையோ, ஊர்வலத்தில் குதிரை ஏறுவதையோ தடுப்பது குற்றம். இவ்வளவு விவரமாக ஒரு நாட்டின் சட்டத்தில் செருப்பு முதல் குதிரை வரை பட்டியல் போட வேண்டியிருக்கிறது என்பதே போதும், வேறு ஆய்வு தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் எந்த நாளிலும். குதிரை மட்டும் கல்யாண ஊர்வலத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. டிம்பி இளைஞர் மாப்பிள்ளை இல்லை. சாதாரண நாளில், தன் வயலுக்குத் தன் குதிரையில் போனவர். மற்ற பிரிவுகள் அவரைக் காக்கும், அது வேறு. ஆனால் சட்டம் எழுதியவர்களின் கற்பனையில்கூட நம் ஆள் குதிரைமேல் ஒரே ஒரு நாள்தான் உட்காருகிறான்.

அந்த ஒரு நாளுக்கும் என்ன பாடு! உத்தரப் பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் சஞ்சய் ஜாதவ் தன் கல்யாண ஊர்வலத்துக்காக மாதக்கணக்கில் அதிகாரிகளிடமும் உயர் நீதிமன்றத்திடமும் அலைந்து, 2018 ஜூலை 15 அன்று போலீஸ் படை சூழத்தான் நிஜாம்பூர் தெருவில் போக முடிந்தது.

நம் பேச்சு எப்போதும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது: ஏறுவது உரிமை, ஏறிக் காட்டுவோம். எனக்கு அது போதாது. தம்பியோடு ஐந்தாறு மாதம் குதிரை பார்க்க அலைந்த பிறகு, ஏறுவதைவிடக் குதிரையைத் தெரிந்துகொள்வதுதான் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது என்று தோன்றுகிறது.

இதை அண்ணல் அம்பேத்கர் தன் எலும்பில் அனுபவித்திருக்கிறார். 1929இல் பம்பாய் மாகாண அரசு அமைத்த குழு ஒன்றின் உறுப்பினராகப் பயணம் போனவர், சாலிஸ்கானில் இறங்கினார். அங்கிருந்த மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக வந்தார்கள். டோங்கா, அதாவது நம் ஜட்கா மாதிரிக் குதிரை வண்டி. தீண்டத்தகாதவரை வைத்து வண்டி ஓட்டுவது தங்கள் மரியாதைக்குக் குறைவு என்று வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். விருந்தாளியை நடக்க வைப்பது தங்களுக்கு அவமானம் என்று நினைத்த மக்கள், வாடகை கொடுத்து வண்டியை மட்டும் வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை உட்கார வைத்தார்கள். பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியது. அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்கு இந்தப் பகுதி தெரியும். அதில் வண்டிக்காரன்மீது வரும் கோபம் நமக்குப் பழக்கமானது. நான் பார்ப்பது அந்த ஓட்டத் தெரியாத மனிதரை. மரியாதைக்காக அவர் கடிவாளத்தைப் பிடித்தார். கடிவாளம் பிடிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் நமக்கும் குதிரைக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் பொய். மதராசில் வெள்ளைக்காரத் துரை வீடுகளில் குதிரைக்காரராகவும் புல் அறுப்பவராகவும் இருந்தவர்களில் நம் ஆட்கள் நிறைய. கான்பூர் சேணத் தொழிலில் தோலைப் பதப்படுத்தித் தைத்தது சமார் சாதி உழைப்பு. தேய்த்தோம், தீனி வைத்தோம், சாணி அள்ளினோம், சேணம் தைத்தோம். உட்காருவது மட்டும் வேறொருவர்.

இப்போது வாங்கும் கதைக்கு வருகிறேன்.

குதிரைச் சந்தை என்றால் தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்வது ஈரோடு மாவட்டம் அந்தியூர். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும். காட்டியவாரி, மார்வாரி, நுக்ரா என்று வெள்ளையும் செம்மையுமாக நிற்கும். அங்கே வாங்க வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வா என்று லாயத்துப் பெரியவர் அவனிடம் சொல்லியிருந்தார். ஏன் என்று அங்கே போனதும் புரிந்தது. தரகர் துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். கூட்டம், மேளம், வெயில். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால் தெரியாது. மயக்க ஊசி போட்டு முரட்டுக் குதிரையைச் சாதுவாக நிறுத்தியிருந்தாலும் தெரியாது. அதன் தாய் எது, எந்த மண்ணில் வளர்ந்தது, முதன்முதலில் யார் சேணம் போட்டார்கள், ஒன்றும் தெரியாது.

தரகரிடம் ஒரு வசதி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் நம் சாதியைக் கேட்பதில்லை. துண்டுக்குள் விரலுக்குச் சாதி இல்லை. சந்தை வந்தால் சாதி போய்விடும் என்று வாதிடும் நண்பர்கள் இந்தத் துண்டைத்தான் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் குதிரை 20, 25 வருடம் வாழும் பிராணி. அதற்கு நடுராத்திரியில் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலியே அதன் உயிரை எடுத்துவிடும். அந்த நேரத்தில் போன் செய்ய ஒருவர் வேண்டும். தரகர் எடுக்க மாட்டார். அதை ஈன்ற குதிரையையும் வைத்திருக்கிறவர் எடுப்பார். எடுப்பாரா என்பதுதான் கேள்வி.

ஆகவே வளர்ப்பவரிடம் நேராகப் போனோம். முதலில் போன இடம் கொங்குப் பக்கம் ஒரு தோட்டம். நல்ல வசதி, ஏழெட்டுக் குதிரைகள். வீட்டுக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். மூன்று வயது ஆண் குதிரையைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"எந்தப் பக்கமுங்க தம்பி?"

"ஒரகடம் பக்கங்க."

"அங்க ஊருக்குள்ளீங்களா, தோட்டமுங்களா?"

"காலனிங்க."

அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "என்ன ஆளுங்க நீங்க?" என்று கேட்டே விட்டார். தம்பி சொன்னான். நான் பக்கத்தில் நின்று அவன் குரலைக் கவனித்தேன், நடுங்கவில்லை. வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடுதான் இருந்தார். "இந்தக் குதிரை போன வாரமே பேசி முடிச்சாச்சுங்க, பையன் மறந்துட்டான்" என்றார். திரும்பி வரும்போது இளநீர்க் காசு கொடுத்திருக்கலாம் என்று தம்பி சொன்னான். அது மட்டும்தான் சொன்னான்.

வழக்குப் போட இதில் என்ன இருக்கிறது? குதிரை அவருடையது. விற்பதும் விற்காததும் அவர் இஷ்டம். சாதி இப்படித்தான் சட்டத்துக்கு எட்டாத தூரத்தில் இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது இடம் ஒரு ராவுத்தர் பெரியவருடையது. ராவுத்தர் என்ற பெயரே குதிரைச் சவாரியோடும் குதிரை வணிகத்தோடும் சேர்ந்தது என்பார்கள். அவரிடம் சொகுசான தோட்டம் இல்லை, நான்கு பெட்டைக் குதிரைகளும் இரண்டு குட்டிகளும்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா கை வச்சுப் பாத்திருக்கீங்க?" அடுத்தது, "கட்டறதுக்கு எடம் எப்படி?" மூன்றாவது, "லாடம் அடிக்க ஆள் இருக்கா?" இந்த மூன்றுக்கும் தம்பி பதில் சொன்ன விதத்தைப் பார்த்துத்தான் அவர் குதிரையைக் காட்டினார். என்ன ஆளுங்க என்ற கேள்விக்கும் எத்தனை வருஷம் கை வச்சீங்க என்ற கேள்விக்கும் உள்ள தூரத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம்.

அவரைத் தேவதூதராக்கி எழுத எனக்கு ஆசையில்லை. விலையில் ஒரு ரூபாய் இறங்கவில்லை. 1,30,000 சொன்னார், அங்கேயே நின்றார். பிறகு அவரே இன்னொரு பெட்டையைக் காட்டினார். கபில நிறம், நாலு வயதை நெருங்குகிறது, அமைதியான கண். "இது 85 தான். ஆனா சொல்லிடறேன், கண்ணுக்குக் கீழ சுழி இருக்கு."

சுழி! தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குதிரையின் உடம்பில் முடி சுழன்று வளரும் இடங்களை வைத்து ராசி பார்க்கிறார்கள். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் உடையவனை அழவைக்கும். கழுத்தில் இன்ன இடத்தில் இருந்தால் யோகம். நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்ச கல்யாணி, விலை எகிறும். முழுக் கறுப்பு ஆகாது. அந்தக் குதிரை எப்படி நடக்கிறது, கால் எப்படி, குணம் எப்படி என்பதெல்லாம் அப்புறம். பிறக்கும்போதே ரோமத்தில் எழுதப்பட்டுவிட்டது, ஆயுள் முழுக்க அதுதான் விலை. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணா, இதுவும் நம்மாளுதான்" என்றான். பெரியவருக்கு ஏன் சிரிக்கிறான் என்று புரியவில்லை.

சிரித்ததோடு நின்றிருந்தால் ஏமாந்திருப்போம். ராசியில்லாத குதிரை மலிவு என்பதற்காக எதையும் வாங்கிவிட முடியாது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது, காசு கொடுக்கும் குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நடு முன்பற்கள் இரண்டரை வயதிலும், அதற்கடுத்தவை மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக மாறும். அவர் சொன்ன வயதும் வாயும் ஒத்துப்போயின. கெட்டியான தரையில் நேர்கோட்டில் ஓடவிட்டுப் பார்த்தான். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். தூக்கவில்லை. நாலு குளம்பையும் எடுத்துப் பார்த்தான், கொடுத்தது. கட்டாமல் விட்டிருந்த குதிரையைக் கண்ணெதிரே பிடிக்கச் சொன்னான். முதலில் பெரியவரின் பேரனை ஏறச் சொல்லிவிட்டு, பிறகு ஏறினான். தாய்க் குதிரையையும் காட்டச் சொன்னான். சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாள் திரும்பப் போய் மறுபடி பார்த்தான். நான் வேலியில் சாய்ந்துகொண்டு, என்னிடம் வாசிப்பு வட்டத்தில் கேள்வி கேட்கக்கூடத் தயங்குகிற பையன் இவன்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் இதில் கடைசி வார்த்தை. குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும் சேர்த்தே பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போகும் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், விற்பவருக்குத் தெரிந்த டாக்டராக இல்லாமல் நீங்களே அழைத்துப் போங்கள். விற்பனைச் சீட்டில் நிறம், சுழி, வெள்ளைக் குறி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். சுழிக்கு அந்த ஒரு உபயோகம் உண்டு, அடையாளம்.

இதைப் படித்துவிட்டு ஆர்வத்தில் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. நாலு வயதுக் குதிரையும் பழக்கமில்லாத ஆளும் சேர்ந்தால் இருவருக்குமே ஆபத்து. சாலிஸ்கான் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு லாயத்தில் இரண்டு வருடம் கை வையுங்கள். அப்புறமும் முதல் குதிரை ஏழெட்டு வயதான, பழகிய குதிரையாக இருக்கட்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து 3.4 லட்சம்தான். 2012இல் 6 லட்சத்துக்கு மேல் இருந்தது. கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்களும் அதே வேகத்தில் குறைந்துகொண்டிருக்கிறார்கள். இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

இனி, பெரியவரின் இரண்டாவது கேள்வி. கட்டறதுக்கு எடம் எப்படி?

350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழு கிலோவாவது உலர்தீவனம் வேண்டும். கொள்ளு, குதிரைமசால், புல். தண்ணீர் 30 லிட்டர் சாதாரணமாகக் குடிக்கும். எங்கள் காலனியில் வீட்டு மனை மூன்று சென்ட். தண்ணீர் டேங்கர் வண்டியில் வருகிறது. மேய்ச்சலுக்கு? இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாக வந்த பிறகு, எங்கள் பக்கம் மாடு ஓட்டிப் போன மேய்க்கால் புறம்போக்கு எங்கே என்று காட்ட என் அப்பாவுக்கே இப்போது வழி தெரியவில்லை. மதில் சுவர்தான் தெரிகிறது.

இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார், 1892இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. இதே ஜில்லாவில்தான் காரணை பஞ்சமி நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஒரு குதிரைக்குக் கொட்டகை போட இடம் தேடினால் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். தம்பியின் பாட்டி பெயரில் 70 சென்ட் ஒப்படை நிலம் இருக்கிறது. பக்கத்தில் கிடங்கு கட்டுபவர்கள் மூன்று முறை விலை கேட்டுவிட்டார்கள். பாட்டி விற்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை எழுத எனக்கு விஷயமே இருக்கிறது.

நம் தோழர்கள் இரண்டு பேர் என்னோடு சண்டை போட்டார்கள். ஒருவர் தொழிற்சங்கத்துக்காரர். "சங்கம் பதிவு பண்ணவே 2024ல சாம்சங் தொழிலாளிங்க 37 நாள் வெளிய உக்கார வேண்டியிருந்த ஊரு இது. காண்ட்ராக்ட் பையன் சம்பளத்துல குதிரையா?" நியாயமான கேள்வி. தம்பியின் சம்பளம் 17,000. குதிரைக்கு மாதம் 8,000க்குக் குறையாது என்று கணக்குப் போட்டோம். அதனால்தான் மூன்று பேர் கூட்டு, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கும் திட்டம். ஸ்ரீபெரும்புதூரில் குடியிருக்கும் கொரியக் குடும்பங்கள் காசு கொடுப்பார்கள், காலனிக் குழந்தைகளுக்கு இலவசம். கணக்கு இடிக்கிறது என்று நீங்கள் சொல்லலாம், எனக்கும் கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் அது கணக்குப் பிரச்சினை. வங்கிக் கடனில் கார் வாங்கிய என் நண்பர்களின் கணக்கும் இடிக்கத்தான் செய்கிறது, அவர்களிடம் யாரும் வர்க்க அரசியல் பேசியதில்லை.

இன்னொருவர், குதிரை நிலப்பிரபுத்துவச் சின்னம், நாம் ஏன் அவர்கள் அடையாளத்தைத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்றார். கோட்டும் சூட்டும் யாருடைய அடையாளமாக இருந்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சமாதானமும் ஆகவில்லை.

ரத்தம் எடுத்து அனுப்பியாகிவிட்டது. முடிவு வர வேண்டும். நல்லபடியாக வந்தால் தை மாதத்துக்குள் அந்தக் கபிலப் பெட்டை இங்கே வந்துவிடும். பெரியவர் தானே டெம்போவில் கூட வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவேன் என்று சொல்லியிருக்கிறார். காலனிக்கு வருவதற்கு ஒரே ரோடுதான், அது ஊர்த்தெரு வழியாக, தேரடியைத் தாண்டி வருகிறது. ஒவ்வொரு வருடமும் சாமியின் மரக்குதிரை அந்தத் தேரடியிலேயே திரும்பிவிடும், எங்கள் பக்கம் வந்ததில்லை. ராத்திரியில் டெம்போவிலேயே நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று தம்பியின் அம்மா சொல்கிறார்.

"டெம்போவ ரோட்டுலயே நிறுத்திடலாம்ணா" என்கிறான் தம்பி. "நீண்ட தூரம் நின்னுட்டே வந்திருக்கும், காலு மரத்துப் போயிருக்கும். ஏற மாட்டேன். பகல்ல, கயித்தப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டு வரேன். வழியெல்லாம் பழகணும்ல, தினமும் அதுலதான போகணும்."

அவன் அம்மா என்னைப் பார்த்தார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.